மோரே ஆற்றங்கரையில் மூன்று நாள்: சிஸ்லே வரைந்த இடங்களில் எங்கே நிற்பது, தண்ணீரை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: ஈரக்கேன்வாஸ்

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாள் பிரான்சின் மோரே-சூர்-லுவானில் தங்கி, ஆயில் பெயிண்டில் ஆற்றங்கரைக் காட்சிகளை வரையத் திட்டமிட்டிருக்கிறேன். மோனேயின் தோட்டம் இருக்கும் ஜிவெர்னியின் கூட்டம் வேண்டாம். மாறும் ஒளியை வெளியிலேயே நின்று வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களில் ஒருவரான ஆல்ஃப்ரெட் சிஸ்லே கடைசிவரை வாழ்ந்த ஊர் என்பதால் மோரேயைத் தேர்ந்தெடுத்தேன்.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. பாலமும் தேவாலயமும் சேர்ந்து தெரிய எந்தக் கரையில், எந்த நேரத்தில் உட்கார வேண்டும்? என்ன அளவு கேன்வாஸ், எந்தெந்த நிறங்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றில் விழும் பிரதிபலிப்பைக் கரைக் காட்சியின் தலைகீழ் நகலாக வரைந்தால் அது தண்ணீராகவே தெரிவதில்லையே, அது ஏன்? சிஸ்லேயின் தண்ணீரில் அந்தக் குறை துளியும் இல்லை. அவர் வேறு என்ன செய்கிறார்?

பதில் 1: நாணற்புதர்

முதலில் ஊரின் கிடப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லுவான் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி, ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சாங்-மாமெஸில் சேன் ஆற்றோடு சேர்கிறது. பழைய ஊர் இடது கரையில், அதாவது மேற்கில் இருக்கிறது. பாலத்திலிருந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் பர்கண்டி வாயில், எதிர்முனையில் சமுவா வாயில், இரண்டுக்கும் இடையில் நோத்ர்-தாம் தேவாலயம். பாலம், வாயில், தேவாலயம் மூன்றும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போக வேண்டும். அங்கே ‘ப்ரே தெ பேன்’ என்ற புல்வெளி இருக்கிறது. ஈசலை (கேன்வாஸ் தாங்கியை) விரிக்கத் தாராளமான இடம். பாலத்தின் மேலேயே நின்று வரைய நினைக்காதீர்கள். வண்டிகள் போகும் பாலம் அது, நடைபாதை குறுகல்.

அந்தக் கரையிலிருந்து நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் கல் சுவர்கள் முழு வெளிச்சத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் தெரியும், நிழல் குறைவு. கோடைக்கால நேரக் கணக்கில் செப்டம்பர் கடைசியில் சூரியன் நேர் தெற்கே வருவது பிற்பகல் ஏறத்தாழ 1.45க்கு. அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பக்கவாட்டு ஒளி விழும். பாலத்தூண்களின் கனம் தெரிவதும் அப்போதுதான். மாலை 4 மணிக்கு மேல் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். கட்டடங்கள் எல்லாம் ஒரே நீலச்சாம்பல் திரளாகிவிடும், தண்ணீர் மட்டும் மின்னும். இரண்டுமே வரையத் தகுந்தவைதான், ஆனால் ஒரே கேன்வாஸில் இரண்டும் கூடாது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஒரு கேன்வாஸுக்கு ஒரு அமர்வில் இரண்டு மணி நேரமே உச்ச வரம்பு. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என இரண்டு கேன்வாஸை வைத்துக்கொண்டு மறுநாள் அதே மணிக்கு அதே இடத்துக்குப் போங்கள்.

மூன்று நாளில் ஒரு நாளாவது வானம் மூடிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அன்றைக்குத் தேவாலயம். சிஸ்லே 1893, 1894 இரண்டு ஆண்டுகளிலும் அதே தேவாலயத்தை ஒரே கோணத்திலிருந்து வெயில், மழைக்குப் பின், மாலை என்று திரும்பத் திரும்ப வரைந்தார். மூடிய வானத்தில் ஒளி மணிக்கணக்காக மாறாது, நான்கு மணி நேரம்கூட உட்காரலாம்.

ரயிலில் ஒரு கவனம். பாரிஸ் கார் தெ லியோன் ரயில் நிலையத்திலிருந்து ‘ஆர்’ தடத்தில் ஏறி மோரே-வெனே-லெ-சாப்லோன் நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் முக்கால் மணி நேரம். மோன்தார்ஜி போகும் ரயிலும், மோரே வழியாக மோன்தரோ போகும் ரயிலும் சரி. மெலனிலிருந்து எரிசி வழியாக மோன்தரோ போகும் கிளை மோரேயைத் தொடாது, அதில் ஏறிவிடாதீர்கள். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தால் அரை மணி நேரத்துக்குள். பாரிஸைச் சுற்றியுள்ள இல்-தெ-பிரான்ஸ் பகுதிக்கு 2025 ஜனவரியில் ஒரே ரயில் கட்டணம் வந்தது. அப்போது 2.50 யூரோ, இப்போதைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் ‘விஜிக்ரூ’ என்ற அரசு வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் லுவானின் நீர்மட்டத்தைப் பாருங்கள். 2016 ஜூன் தொடக்கத்தில் இந்த ஆறு மோரே தெருக்களுக்குள் வந்தது. மேலே நெமூரில் அந்த வெள்ளம் 1910ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் மட்டத்தையும் தாண்டியது. அந்த அளவு வெள்ளம் அரிது என்றாலும், தொடர்மழைக்குப் பின் ஆறு கலங்கிப் பழுப்பாக ஓடும். நிறத்தட்டில் அதற்கு இடம் வேண்டும்.

பதில் 2: நீர்க்கோடு

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது. உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே தண்ணீரின் பாதியைத் தீர்மானித்துவிடும். நிறமும் பிரஷ்ஷும் அதற்குப் பிறகுதான்.

பிரதிபலிப்பில் நீங்கள் காண்பது கரையின் நகல் அல்ல. உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கீழே இன்னொரு கண் இருந்தால் அதற்கு என்ன தெரியுமோ, அது. இரண்டு கண்களும் பார்ப்பது இரண்டு வேறு காட்சிகள். தலைகீழ் நகல் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் உச்சி நீருக்கு மேல் 4 மீட்டர், உங்கள் கண் 2 மீட்டர் என்று கணக்குக்கு வைப்போம். வளைவின் உட்கூரை நேரில் மெல்லிய பட்டையாகத் தெரியும். பிரதிபலிப்பில் அதே பட்டை மூன்று மடங்கு தடிமனாக வரும். மேலே உச்சிக்கும் கண்ணுக்கும் 2 மீட்டர் வேறுபாடு, கீழே 4-உம் 2-உம் கூடி 6 மீட்டர். அதனால்தான் மூன்று மடங்கு. வளைவின் முன்விளிம்பு மட்டும் மேலும் கீழும் சம உயரத்தில் இருக்கும். அதை ஒத்த அளவில் போட்டுவிட்டு உட்பகுதியைக் கீழே அகலமாக, இருட்டாகப் போடுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே தண்ணீர் தட்டையாகக் கிடப்பது தெரிந்துவிடும்.

தேவாலயக் கோபுரம் இன்னொரு பொறி. அது கரையில் இல்லை, வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கரை வீடுகள் உங்களிடமிருந்து 60 மீட்டர், கோபுரம் 120 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண் உயரம் 2 மீட்டர் இருக்கும்போது நேரில் தெரிவதைவிட 4 மீட்டர் கூடுதலாகக் கோபுரம் பிரதிபலிப்பில் மறைந்துவிடும். 5 மீட்டர் உயர மேட்டில் நின்றால் 10 மீட்டர் மறையும். ஆகவே கோபுரத்தின் நிழலுருவைக் கீழே முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள். அது வீட்டுக் கூரைகளின் பிரதிபலிப்புக்குக் கீழே குட்டையாகத்தான் எட்டிப்பார்க்கும்.

அடுத்தது, எங்கே கண்ணாடி, எங்கே வெறும் தண்ணீர் என்பது. கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்து நீர் அசையாமல் இருந்தால், காலடியிலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள நீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 3 சதவீதம் மட்டுமே திருப்பி அனுப்பும். அங்கே அடிமண்ணும் பாசியும்தான் தெரியும். 10 மீட்டரில் சுமார் 30 சதவீதம், 20 மீட்டரில் பாதிக்குச் சற்று மேல், 40 மீட்டரில் 70 சதவீதத்துக்கு மேல். அதாவது கேன்வாஸின் கீழ் விளிம்பிலிருந்து மேலே போகப்போக, ஆற்றின் சொந்தப் பச்சைப்பழுப்பு குறைந்து வானமும் சுவரும் கூட வேண்டும். முழு ஆற்றையும் ஒரே அளவு பளபளப்பாகப் போட்டால் தகடு விரித்ததாகத்தான் தெரியும்.

தாழ உட்கார்ந்தால் இந்த எல்லை இன்னும் முன்னால் நகரும், அதிகப் பரப்பு கண்ணாடியாகும். மோனே அர்ஜான்தெய்யில் ஒரு படகையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டதன் பெரிய ஆதாயம் இந்தத் தாழ்ந்த கண்மட்டம் என்பது என் கருத்து. அவருக்கு முன்பே ஓவியர் தோபீன்யி 1857இல் தன் ‘போதன்’ படகில் இதைத் தொடங்கிவிட்டார். உங்களுக்குப் படகு தேவையில்லை. நின்று வரைவதற்குப் பதில் தாழ்ந்த மடக்கு ஸ்டூலில், நீரை ஒட்டி உட்காருங்கள்.

சிற்றலை விழுந்தால் கணக்கு மாறும். அலையின் முகம் 5 பாகை சாய்ந்தால் அது காட்டும் வானம் 10 பாகை தள்ளிப்போகும். தூரத்து நீர் கரையைக் காட்டுவதை விட்டுவிட்டு மேல் வானத்தின் நீலத்தைக் காட்டத் தொடங்கும். காற்று தொட்ட இடத்தில் கிடையாக ஒரு நீலப்பட்டை தெரிகிறதே, அது இதுதான். அலை சற்று இருந்தால் பிரதிபலிப்புகள் செங்குத்தாக நீளும், பக்கவாட்டில் அகலாது. ஒரு சுவரின் பிரதிபலிப்பைச் செங்குத்து வீச்சில் போட்டு, ஈரமாக இருக்கும்போதே சில கிடைக்கோடுகளால் வெட்டுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கோடு போட்டால் ஆறு பாயாகிவிடும்.

இன்னும் ஒன்று. வெளிச்சமான பொருள் பிரதிபலிப்பில் கொஞ்சம் இருளும், இருண்ட பொருள் கொஞ்சம் வெளிறும். வெள்ளைச் சுவரையும் கரிய வாயிலையும் நீரில் போடும்போது இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி ஒரு படி நகர்த்துங்கள். பாலத்தூண்களுக்குக் கீழ்ப்புறம் ஓட்டம் உடைந்து சலசலக்கும் இடத்தில் பிரதிபலிப்பையே தேடாதீர்கள், அது வானத்தின் ஒளித்துண்டுகள் மட்டும்.

போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அது நீரின் பிரதிபலிப்பைத்தான் முதலில் வடிகட்டும். வெயிலுக்கு விளிம்பு அகன்ற தொப்பி போதும்.

பதில் 3: கித்தான்காரன்

அளவு. பிரான்சில் கேன்வாஸ் எண் வைத்துத்தான் விற்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உருவம், நிலக்காட்சி, கடற்காட்சி என்று மூன்று விகிதம். 15ஆம் எண் என்றால் 65×54, 65×50, 65×46 செ.மீ. நீளம் ஒன்றே, உயரம்தான் குறையும். நிலக்காட்சி என்பதற்காக நிலக்காட்சி விகிதமே வாங்க வேண்டியதில்லை. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள சிஸ்லேயின் ‘மோரே பாலம்’ (1893) 73.5×92.5 செ.மீ., ஏறக்குறைய 30ஆம் எண் உருவ அளவு. அவருக்கு வானத்துக்கும் நீருக்கும் உயரம் தேவைப்பட்டது. அவருடைய போர்-மார்லி வெள்ளக் காட்சியோ (1876) 60×81, அது 25ஆம் எண் நிலக்காட்சி அளவு.

மூன்று நாளுக்கு 30ஆம் எண் வேண்டாம். கரையில் காற்று அடித்தால் அந்தக் கேன்வாஸ் பாய்மரம்தான். 8ஆம் எண் உருவம் (46×38) மூன்று, 12ஆம் எண் உருவம் (61×50) இரண்டு போதும். ஈசலின் நடுக்கம்பியில் ஒரு பையைக் கட்டி அதில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். கேன்வாஸின் பின்புறம் வெயில் படும்படி வைத்தால் ஒளி ஊடுருவி நிறங்கள் பொய் சொல்லும், பின்னால் ஒரு அட்டையைச் செருகுங்கள். கேன்வாஸும் பேலட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். நேர்வெயிலில் கலந்த நிறம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு கிடக்கும். குடை வெள்ளையோ சாம்பலோ இருக்கட்டும். சிவப்புக் குடை என்றால் முழுப் படமும் பச்சைப்பக்கம் சாயும், உங்கள் கண் அதை ஈடுகட்டப் பார்ப்பதால்.

நிறங்கள். சிஸ்லே தலைமுறையின் தட்டில் இருந்தவை ஈய வெள்ளை, கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரின், செருலியன், விரிடியன், எமரால்டு பச்சை, குரோம் மஞ்சள், வெர்மிலியன், சிவப்பு லேக் (சாயத்திலிருந்து செய்த சிவப்பு). இவற்றில் பல 19ஆம் நூற்றாண்டின் புதுவரவு. ஜான் கோஃப் ராண்ட் 1841இல் தகர டியூபுக்கு உரிமம் பெற்ற பிறகுதான் இவற்றைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது. ஆனால் அதே பட்டியலை அப்படியே வாங்காதீர்கள். எமரால்டு பச்சையில் ஆர்சனிக் உண்டு. குரோம் மஞ்சளில் ஈயம், அதோடு காலப்போக்கில் பழுப்பேறும். அன்றைய சிவப்பு லேக்குகள் வெளிச்சத்தில் மங்கும். அதே தலைமுறை ஓவியர் ரெனுவாரின் 1883ஆம் ஆண்டு மேடம் க்ளாபிசோன் உருவப்படத்தில் பின்னணிச் சிவப்பு பெருமளவு போய்விட்டதைச் சிகாகோ அருங்காட்சியகம் ஆய்ந்து காட்டியிருக்கிறது.

இன்றைக்கு: டைட்டானியம் வெள்ளை 150 மி.லி., மற்றவை 40 மி.லி. டியூபில் கோபால்ட் நீலம், அல்ட்ராமரின், விரிடியன், காட்மியம் மஞ்சள் வெளிர், மஞ்சள் காவி, காட்மியம் சிவப்பு வெளிர், குவினக்ரிடோன் ரோஸ். அலிசரின் கிரிம்சன் வேண்டாம், மெல்லிய பூச்சில் மங்கும். டைட்டானியம் வெள்ளை நிறங்களை எளிதில் சுண்ணாம்பாக்கும். எனவே வானத்தில் வெள்ளையோடு நிறத்தைக் கலக்காதீர்கள், நிறத்தோடு வெள்ளையைக் கடுகளவாகச் சேருங்கள். துத்தநாக வெள்ளையை மட்டுமே பயன்படுத்துவதும் தவறு, காய்ந்ததும் நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு.

கறுப்பு டியூபைக் கொண்டுவராதீர்கள். விரிடியனும் ரோஸும் சேர்ந்தால் ஆழ்ந்த சாம்பல் கிடைக்கும், அல்ட்ராமரினும் காவியும் சேர்ந்தால் ஆற்றின் பச்சைச்சாம்பல் வரும். நிறம் மங்கிச் சேறாவது ஏன் என்றால், நான்கு நிறங்கள் ஒன்றாகக் கலப்பதாலும், கீழ்ப்பூச்சு வழுக்கும்போது அதன்மேல் திரும்பத் திரும்பத் தடவுவதாலும்தான். ஒரு கலவைக்கு இரண்டு நிறமும் வெள்ளையும். ஒரு வீச்சு வைத்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு ஒரு தட்டை பிரஷ், இருளுக்கு ஒன்று என்று பிரித்துவைத்தாலே பாதிச் சேறு தீரும்.

வரைய வேண்டிய வரிசை: முதலில் நீர்க்கோடு, அதாவது நீர் கரையைத் தொடும் கோடு, தப்பாமல் கிடைமட்டமாக. எதிர்க்கரை வளைந்தாலும் அதன் நீர்விளிம்பு சாய்ந்துவிடக் கூடாது. பிறகு வானம். சிஸ்லே தன் படங்களை எப்போதும் வானத்திலிருந்து தொடங்குவதாகவே எழுதியிருக்கிறார். அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: வானத்தின் ஒளியளவு தெரியாமல் நீரின் ஒளியளவைத் தீர்மானிக்க முடியாது. வானம் போட்ட கலவை காய்வதற்குள் அதையே ஒரு படி இருட்டாக்கி நீரில் வையுங்கள். அதன் பிறகுதான் கட்டடங்கள்.

பதில் 4: வெண்படலம்

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்பாடு. அடித்தளம் பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சேர்க்கிறேன். கடையில் கிடைக்கும் பளிச்சென்ற வெள்ளை அக்ரிலிக் ஜெஸ்ஸோ அடிப்பூச்சில் நேரடியாகத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பலர் வெளிர் சாம்பல், பாலாடை நிறத் தளங்களில் வேலை செய்தார்கள், வீச்சுகளுக்கு இடையில் அதை அப்படியே விட்டார்கள். தூய வெள்ளையில் முதலில் வைக்கும் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும், அதற்குப் பயந்து வானத்தை வெளிறவைத்துவிடுவோம். காவியும் வெள்ளையும் கலந்த மெல்லிய பூச்சை ஒரு வாரம் முன்பே அடித்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

சிஸ்லே நின்ற அதே புள்ளியைத் தேடி அலைவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மரங்கள் வளர்ந்துவிட்டன, கரையும் மாறியிருக்கிறது. அவர் பக்கத்து ஊரான வெனே-நாதோனுக்கு 1880இல் வந்தவர், 1882இல் மோரே, அடுத்த ஆண்டு சாப்லோன், 1889இல் மீண்டும் மோரே என்று இந்தச் சில கிலோமீட்டருக்குள்ளேயே 1899 ஜனவரி 29இல் இறக்கும்வரை இருந்தார். அவர் கையாண்டது ஒரு புள்ளியை அல்ல, இந்த ஆற்றின் முழு வளைவையும். சாங்-மாமெஸில் சரக்குப் படகுகள் கட்டியிருக்கும் கரையையும் பாருங்கள், மோரேயிலிருந்து மோன்தரோ திசையில் அடுத்த ரயில் நிலையம் அது. அங்கே வானம் இரட்டிப்பாக விரியும்.

வரையத் தொடங்குமுன் பாரிஸில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓர்சே திங்கட்கிழமை விடுமுறை, வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும். ‘மோரே பால’த்தின் நீர்ப்பகுதியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வானத்தில் வீச்சு ஒரு திசை, நீரில் வேறு திசை, பெயிண்டின் தடிமனும் வேறு. ஒரே படத்துக்குள் பரப்புக்குப் பரப்பு கைவாகு மாற வேண்டும் என்பது சிஸ்லேயின் அழுத்தமான கருத்து. பாரிஸிலேயே பெத்தி பலே அருங்காட்சியகத்தில் ‘மோரே தேவாலயம், மாலை’ (1894) இருக்கிறது. நிரந்தரத் தொகுப்புக்கு அங்கே கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை.

ஈரக்கேன்வாஸ்:

மிக்க நன்றி. பாலத்தின் உட்கூரைக் கணக்கு ஒன்றே பல சந்தேகங்களைத் தீர்த்துவிட்டது. கடைசியாக ஒன்று: விமானத்தில் பெயிண்ட் கொண்டுவரலாமா? மூன்றாம் நாள் வரைந்த ஈரப் படத்தை எப்படித் திரும்பக் கொண்டுபோவது?

கித்தான்காரன்:

டியூபில் உள்ள ஆயில் பெயிண்ட் தாவர எண்ணெய்தான், தீப்பற்றும் வெப்பநிலை மிக அதிகம். செக்-இன் பெட்டியில் வைத்து, தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்துக் கூடவே வையுங்கள். அதன்மேல் உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்துவிடுங்கள். டர்பன்டைன், வெள்ளை ஸ்பிரிட், அவற்றில் கரைத்த மீடியம் எதுவும் எந்தப் பெட்டியிலும் கூடாது. அவற்றைப் பாரிஸில் வாங்குங்கள். வோல்தேர் கரைத்தெருவில் 1887இல் தொடங்கிய செனெலியே கடை ஓர்சேயிலிருந்து நடக்கும் தூரம்தான்.

மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே இரண்டு நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். கோபால்ட் நீலம் சீக்கிரம் காயும், காட்மியம் நிறங்கள் தாமதிக்கும், தடித்த வெள்ளைக்கு வாரக்கணக்கு. பெயிண்டை வேகமாகக் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் (செயற்கைப் பிசின் கலவை) கொஞ்சம் சேர்த்தால் மெல்லிய பகுதிகள் ஒரு நாளில் காயும். ஆனால் முதல் அடுக்கிலிருந்தே சேருங்கள். கீழே வெறும் எண்ணெய், மேலே வேகமாகக் காயும் ஆல்கிட் என்று வைத்தால் மேல்தோல் வெடிக்கும். தடித்த வீச்சுகள் வேண்டிய பெரிய கேன்வாஸை முதல் நாளிலேயே தொடங்குங்கள், மூன்றாம் நாள் சிறியதை மட்டும் மெல்லிய பூச்சாக வரையுங்கள்.

கட்டும்போது ஒரே அளவுள்ள இரண்டு கேன்வாஸ்களை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலைகளிலும் சட்டத்தின் மேல் 1 செ.மீ. தக்கைத் துண்டுகளைச் செருகிக் கயிற்றால் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாளைப் பெயிண்டின் மேல் படவிடாதீர்கள். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். பளபளப்பில்லாத பரப்பையே விரும்பிய இந்த ஓவியர்கள் பலரும் வார்னிஷே போடாமல் விட்டவர்கள்.

லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியை விடுதி அறையின் குப்பைக்கூடையில் சுருட்டிப் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து தானே சூடாகித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். கழுவிய டர்பன்டைனை ஆற்றிலோ புல்லிலோ ஊற்றக் கூடாது. அசைக்காமல் ஓர் இரவு வைத்தால் நிறம் அடியில் படியும். தெளிந்ததை வடித்து மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நாணற்புதர்:

ஒரு சின்னச் சேர்க்கை. செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே காலை 7.45 ஆகும். ஆற்றில் பனிமூட்டம் இருந்தால் எதிர்க்கரை தெளிய இன்னும் நேரம் பிடிக்கும். அந்த மூட்டத்தை வரைய வேண்டுமென்றால் 46×38 கேன்வாஸை அதற்கென்று தனியாக வையுங்கள். அரை மணி நேரத்தில் கலைந்துவிடும் என்பதால் வானம், பாலத்தின் நிழலுரு, நீர் மூன்று மட்டும் போடுங்கள். மூட்டத்தில் நீர்விளிம்பே தெரியாது, அங்கே கோடு இழுக்க வேண்டாம்.